யாரு வரச் சொன்னா?

ஆறுமுகநேரி
12 ஆகஸ்ட் 2021

ஏலே இஞ்ஞாசி,

தாளின் தலையில் சிலுவை போடாமல் எழுதுகிறேன். அம்மா உயிரோடு இருந்தால் கையிலேயே அடித்திருப்பாள். சிலுவை போட்டால் அதன் கீழே சமாதானமாக நாலு வார்த்தை எழுத வேண்டிவரும். எனக்கு இப்போது அது வராது.

உன் நம்பரை அடைத்துவைத்தது ஜெர்லின் இல்லை, அவள் அம்மா நான்தான். பிள்ளையைத் திட்டாதே. போனில் பேசினால் நீ "யக்கா" என்று ஒரு இழுப்பு இழுப்பாய், நான் இளகிப் போவேன். நாற்பது வயதிலும் அந்த வித்தையை நீ மறக்கவில்லை. இனி எதுவானாலும் எழுது. எழுதிவிட்டால் பிறகு மாற்றிப் பேச முடியாது.

எனக்கும் பிள்ளைக்கும் இங்கே குறையில்லை. சாகுபுரத்தில் கேண்டீன் வேலை. நான் எந்தத் தெருக்காரி, யாருடைய பெண்டாட்டி என்று ஒருத்தருக்கும் தெரியாது. அதுவே பெரிய ஆறுதல்.

நான் எழுதுவது ஒரே ஒரு காரியத்துக்கு. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அந்த வருசம் இறந்தவர்களின் பெயர்களை ஊர்க் கமிட்டி எழுதிக் கொடுக்கும், சாமியார் வாசிப்பார், ஒவ்வொரு பெயருக்கும் நம் தெருவில் வீட்டுக்கு ஒரு மெழுகுதிரி கொண்டுபோய் அந்தக் கல்லறையில் ஏற்றுவார்கள். அப்பாவுக்கு நாற்பத்தொரு திரி எரிந்ததை நீதான் எண்ணிவிட்டு ஓடிவந்து சொன்னாய். இந்த வருசப் பட்டியலில் உன் மச்சான் பெயர் இல்லையாம். ஜேசுபாதம் மாமாவின் மகன் பெவின் கமிட்டியில் எழுந்து, "சீக்கக் கொண்டாந்து மூணு பேரக் கொன்னவன் பேரும் எங்கப்பா பேரும் ஒரே தாள்ல வரக் கூடாது" என்றானாம். கமிட்டியும் தலையாட்டிவிட்டதாம். மீன் கொண்டுவரும் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீயும் அந்தக் கூட்டத்தில் இருந்தாய் என்றும் சொன்னாள்.

அவர் தானாக வரவில்லை. கொச்சியில் படகில் கிடந்த மனுசனை ஓட்டுப் போடுவதற்கு வேன் வைத்துக் கொண்டுவந்தது உன் கட்சி. கொண்டுவந்தவன் நீ, வட்டச் செயலாளர். அதைக் கமிட்டி முன்னால் எழுந்து நின்று சொல். வேறு எதுவும் உன்னிடம் நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசி நாளில் ஒரு நர்ஸ் பிள்ளை போனை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்க வாங்க, "நீ கூப்ட்ட, வந்துட்டேன்லா... வந்துட்டேன்லா" என்று அதையே சொன்னார். காய்ச்சலில் மாதாவிடம் பேசுகிறார் என்று நினைத்து நானும் இந்தப் பக்கம் அருள்நிறைந்த மரியே சொன்னேன். வாலிபத்தில் சங்கு குளித்த நெஞ்சு அது. அவர் மூச்சுப் பிடித்து இறங்கினால் வள்ளத்தில் இருப்பவனுக்குத்தான் பயம் வரும் என்பார்கள். அந்த நெஞ்சுக்கு மூச்சு பத்தவில்லை.

விக்டோரியா

*

†
தூத்துக்குடி
20 ஆகஸ்ட் 2021

அன்புள்ள அக்கா,

உனக்கும் சேர்த்து நானே சிலுவை போட்டிருக்கிறேன்.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்தேன். இரண்டு வரி படித்ததும் மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இத்துடன் மக்ரூன் ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். ஜெர்லினுக்குத்தான். நீ தொடமாட்டாய் என்று தெரியும்.

அக்கா, கோபப்படாமல் கேள். இந்த வருசம் ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை, ஓட்டு அடுத்த செவ்வாய்க்கிழமை. வெளியூரில் தங்கி மீன் பிடிக்கிற நம் ஆட்கள் எல்லாரும் ஈஸ்டருக்கு ஊர் வருவது வழக்கம்தானே. வருகிறவர்களுக்கு வண்டி வசதி செய்து கொடுத்தோம், அவ்வளவுதான். எதிர்க்கட்சிக்காரன் இரண்டு வேன் விட்டான், நாங்கள் ஒன்றுதான். பெவின் ஏன் அவர்களைப் பற்றி வாய் திறக்கவில்லை?

தேர்தலைத் தள்ளி வைத்திருக்கலாம் என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். அப்போது எவன் பேசினான்? தள்ளி வை என்று ஒருத்தன் சொன்னால், தோற்கப் பயப்படுகிறான் என்று அடுத்தவன் மைக்கில் கத்துவான். அதனால் இரண்டு பேருமே சொல்லவில்லை. மேலே இருப்பவர்களே வாயை மூடிக்கொண்டிருக்கும்போது வட்டச் செயலாளர் என்ன செய்ய முடியும்? ஒரு பூத்தில் எத்தனை பேர் ஊரில் இல்லை என்று கணக்குக் கேட்டார்கள். கொடுத்தேன். கூட்டி வா என்றார்கள். வந்தேன்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். மாநகராட்சித் தேர்தல் வரப்போகிறது. நம் வார்டு எனக்குத்தான் என்று தளவாய் அண்ணாச்சி வாக்குக் கொடுத்திருக்கிறார். பகுதிச் செயலாளர் அவர், சொன்னால் சொன்னதுதான். இருபது வருசம் போஸ்டர் ஒட்டினேன் அக்கா. இந்த நேரத்தில் நான் கூட்டத்தில் எழுந்து நின்றால் எல்லாம் போயிற்று. தேர்தல் முடியட்டும். முடிந்ததும் நானே சொல்கிறேன். மாதா மேல் ஆணை.

உன் தம்பி
இஞ்ஞாசி

*

ஆறுமுகநேரி
29 ஆகஸ்ட் 2021

இஞ்ஞாசி,

மக்ரூனை கேண்டீனில் கொடுத்துவிட்டேன். எல்லாரும் நன்றாக இருந்தது என்றார்கள்.

"தேர்தல் முடியட்டும்." இதை ஏப்ரலிலும் சொன்னாய். நினைவிருக்கிறதா? அவருக்கு உடம்பு சுடுகிறது, டெஸ்ட் எடுக்கக் கூட்டிப் போ என்று நான் வாசலில் நின்று கேட்டபோது, "தேர்தல் முடியட்டும்க்கா, நாளைக்கே போவோம்" என்றாய். ஊரெல்லாம் அதே பேச்சுத்தான். தேர்தல் முடியட்டும், பிறகு கணக்கைச் சரியாகச் சொல்வார்கள், பிறகு கடையை அடைப்பார்கள், பிறகு சீக்கு வரும் என்று. சீக்கு உங்களுக்காகக் காத்திருந்ததா?

ஈஸ்டருக்கு வந்தாராம்! போன வருச ஈஸ்டருக்கு வந்தாரா? அதற்கு முந்தியதற்கு? கிறிஸ்துமசுக்கே வரவில்லை. "இன்னொரு தங்கல் போயிட்டு வாரேன் ஏளா" என்று கடல்மேல் போனார். அன்றிலிருந்து நானும் பேசவில்லை. மூன்று மாதம். ஜெர்லினிடம் பேசுவார், "உங்கம்ம சாப்ட்டாளா" என்று கேட்பார், நான் பக்கத்தில் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொல்வேன். அப்படிப்பட்ட வைராக்கியம். எதற்காக என்று இப்போது கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை மத்தியானம் அந்த வேன் தெருமுனையில் வந்து நின்றதை நான் பார்த்தேனே. முன்னால் "வேளாங்கண்ணித் திருப்பயணம்" என்று பேனர் கட்டியிருந்தது. கேரளாவிலிருந்து வந்தால் ஏழு நாள் வீட்டோடு இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்ததே. சோதனைச் சாவடியில் மாதா பெயரைச் சொல்லித் தாண்டி வந்தீர்கள். பதினெட்டுப் பேர். மாதா மேல் ஆணை என்று எனக்கு எழுத உன் கை கூசவில்லையா?

அவர் பையோடு வாசலில் வந்து நின்றார். கையில் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம். ஒரு மாதிரி வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார். எனக்கு மூன்று மாதக் கோபம் மொத்தமும் வந்தது. "இந்தச் சீக்குக் காலத்துல உங்கள யாரு வரச் சொன்னா?" என்று கேட்டேன். தெருவே கேட்கிற மாதிரி. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஒன்றும் சொல்லாமல் குசினிக்குப் போய்த் தண்ணீர் மொண்டு குடித்தார்.

அதுதான் பெவினுக்கு இன்று சாட்சி. "பெண்டாட்டியே யாரு வரச் சொன்னான்னுதான கேட்டா, அப்ப அவனாத்தான வந்திருக்கான்" என்று சொல்கிறானாம். என் வாயே அவருக்கு எமன் ஆகிவிட்டது. நீ சொன்னால்தான் அது மாறும்.

விக்டோரியா

*

†
தூத்துக்குடி
24 செப்டம்பர் 2021

அன்புள்ள அக்கா,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். தாமதத்துக்கு அதுதான் காரணம், திமிர் இல்லை.

சரி. ஈஸ்டருக்கு வரவில்லை, நாங்கள்தான் கொண்டுவந்தோம். பேனர் என் யோசனைதான். போதுமா? இன்னும் ஒன்றும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன்.

ஓட்டு அன்று சாயங்காலம் நாலு மணிக்கு மச்சானுக்கு நல்ல காய்ச்சல். பூத் வாசலில் நெற்றியில் துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்துப் பார்த்தார்கள் அல்லவா. சூடு இருந்தால் ஆறு மணிக்கு மேலே வந்து, கவச உடை போட்டு ஓட்டுப் போட வேண்டும். அந்த உடையில் மச்சான் தெருவழியாகப் போனால் மீதி ஆட்கள் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். ஆகவே மாத்திரை ஒன்று கொடுத்தேன். அரைமணி நேரம் கடையில் உட்காரவைத்தேன், வியர்த்தது, சூடு இறங்கியது. என் ஆட்டோவில் ஏற்றினேன். அதே நடையில் ஜேசுபாதம் மாமாவையும் இன்னும் இரண்டு பெரியவர்களையும் ஏற்றினேன். நடக்க முடியாதவர்கள், நம் ஓட்டு, விட மனமில்லை. ஐந்து நிமிச ஓட்டம்தான். மழைத்தாளை இரண்டு பக்கமும் இறக்கிவிட்டிருந்தேன், யாரை ஏற்றிப் போகிறேன் என்று மற்றக் கட்சிக்காரன் பார்க்கக் கூடாது என்று.

செத்த அந்த மூன்று பேரும் அந்த ஆட்டோவில் இருந்தவர்கள்தான் அக்கா. மச்சானோடு நாலு பேர். எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

எங்கள் ஆள் எவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்தார் என்று உனக்கே தெரியும். பதினெட்டு ஓட்டு இல்லாவிட்டாலும் ஜெயித்திருப்பார். நம் தெருவே ஓட்டுப் போடாமல் தூங்கியிருந்தாலும் ஜெயித்திருப்பார்.

இதைக் கூட்டத்தில் சொல்லச் சொல்கிறாயா? என்னை வெட்டிப் போடுவார்கள். அக்கா, வேறொன்று செய்யலாம். திருச்செந்தூர்ப் பக்கம் எந்தக் கோயிலிலாவது மச்சானுக்குத் தனியாக ஒரு பாட்டுப் பூசை வைக்கலாம். நான் ஏற்பாடு செய்கிறேன். பேரை அங்கே வாசிக்கட்டும். எந்தக் கோயிலில் வாசித்தாலும் கடவுளுக்குக் கேட்காதா?

இஞ்ஞாசி

*

ஆறுமுகநேரி
2 அக்டோபர் 2021

கடவுளுக்குக் கேட்கும். பெவினுக்குக் கேட்காது. தெருவுக்குக் கேட்காது. அவர் என்ன அநாதைப் பிணமா, ஊர் விட்டு ஊர் போய்ப் பூசை வைக்க?

புதைத்த அன்று உள்ளே விட்டது இரண்டு பேரை. நானும் நீயும். ஜெர்லின் கேட்டுக்கு வெளியே நின்றாள். முகத்தைக் காட்டவில்லை. பையைச் சுற்றிக் கட்டி இறக்கினார்கள். நான் ஒரு பிடி மண் போட்டது உள்ளே யார் மேல் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆம்புலன்சில் ஏறும்போது என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார், விரலில் ஓட்டு மை இருந்தது, நான் கடைசியாகப் பார்த்தது அந்த விரலைத்தான். பதிமூன்றாம் நாள் ஓட்டு எண்ணி ஜெயித்தோம் என்று நீங்கள் தெருவில் வெடி வெடித்தீர்கள். ஜெர்லின் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தாள். பதினைந்து வயதுப் பிள்ளை.

நேற்று என்னிடம் கேட்கிறாள், "ம்மா, எங்கப்பா கெட்டவராம்மா?"

நீ பதில் சொல். என்னிடம் இல்லை, கூட்டத்தில். சொல்லாவிட்டால் இதுதான் நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம். எனக்குத் தம்பி என்று ஒருவன் இருந்தான், அவனும் ஏப்ரலில் போய்விட்டான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

விக்டோரியா

*

†
தூத்துக்குடி
27 அக்டோபர் 2021

அக்கா,

சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மண்டபத்தில் கூட்டம். முதலில் குப்பைத் தொட்டி, பிறகு தெருவிளக்கு, பிறகு கல்லறை வெள்ளையடிப்பு. "வேற ஏதும் இருக்கா" என்று கேட்டதும் எழுந்தேன். வேனைச் சொன்னேன், பேனரைச் சொன்னேன், மாத்திரையைச் சொன்னேன், ஆட்டோவைச் சொன்னேன். "டெரன்ஸ் மச்சான் தானா வரல. நாந்தான் கூட்டியாந்தேன். உங்க ஆளுகளச் சாவடிச்சது அவரு இல்ல, நான்" என்றேன்.

பெவின் எழுந்து என்னிடம் வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எங்கப்பாவ ஆட்டோல முன்னாடி உக்கார வச்சியா, பின்னாடியா?" என்று கேட்டான். "பின்னாடி. மச்சானுக்குப் பக்கத்துல" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தான். அங்கிருந்தே, "அந்தப் பேர எழுதிக்கிடுங்க" என்றான். கமிட்டித் தலைவர் என் கண் முன்னாலேயே எழுதினார். டெரன்ஸ். நாலாவது பெயர்.

மறுநாளே தளவாய் அண்ணாச்சி ஆள் அனுப்பிவிட்டார். நேரில் போனேன். "நீ யோக்கியன்தாம்லே, ஒத்துக்கிடுதேன். ஆனா யோக்கியன நிப்பாட்டிட்டு நான் எங்கன போயி ஓட்டுக் கேப்பேன்?" என்றார். வார்டும் போயிற்று, பதவியும் போயிற்று. தெருவில் யாரும் என்னோடு பேசுவதில்லை. நீ எப்படி இருந்திருப்பாய் என்று இப்போது தெரிகிறது.

ஆனால் அக்கா, கூட்டத்தில் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அது தெருவுக்கு இல்லை, உனக்கு. எழுதினால் மாற்றிப் பேச முடியாது என்றாய். மாற்றிப் பேசுவதற்கு இல்லை, எழுதுகிறேன்.

மச்சான் வரமாட்டேன் என்றார். மூன்று தடவை கூப்பிட்டேன், மூன்று தடவையும் மாட்டேன் என்றார். "சீக்கு பரவுதுல மாப்ள, பொம்பளப் பிள்ளை இருக்க வீடு, நான் வந்து என்னத்துக்கு. ஓட்டு எங்கன போயிரப் போவுது" என்றார். லிஸ்டில் பதினேழு பேர் சரி சொல்லியாயிற்று, என் சொந்த மச்சான் மட்டும் வரவில்லை. அண்ணாச்சி கேலி பண்ணினார். நாலாவது தடவை கூப்பிட்டு, "அக்காதான் உங்கள வரச் சொல்லுதா" என்றேன். "போன்ல சொல்ல வெக்கப்படுதா. கேட்டா இல்லம்பா. நேரா வந்து நில்லுங்க, அவ முகத்தப் பாருங்க" என்றேன்.

"அவளாவா சொன்னா?" என்று கேட்டார். ஆமா என்றேன். "அப்ப வாரேன்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை நீ வாசலில் கத்தியபோது நான் தெருமுனையில் வேனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குக் கேட்டது.

இஞ்ஞாசி

*

†
ஆறுமுகநேரி
4 நவம்பர் 2021

இஞ்ஞாசி,

உன் கடிதம் ஒன்றாம் தேதி வந்தது. கேண்டீனில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது படித்தேன், அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இரண்டாம் தேதி நானும் ஜெர்லினும் வந்தோம். கேட்டுக்குப் பக்கத்தில், கூட்டத்துக்குப் பின்னால் நின்றோம். நீ மதிலோரம் தனியாக நிற்பதைப் பார்த்தேன். மெலிந்துவிட்டாய். பெயர் வாசித்தார்கள். "முடிவில்லாத ஒளி இவர்மேல் ஒளிர்வதாக" என்று தெரு மொத்தமும் சொன்னது. ஜெர்லின் என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். முதல் திரி பெவினுடைய அம்மா ஏற்றியது. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் வரவில்லை, வராதவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஜெர்லின் எண்ணினாள். இருபத்தேழு. உன்னைப் போலவே ஓடிவந்து சொன்னாள்.

அதற்கு நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வாசல்தான் கண்ணில் நின்றது. அவர் பையோடு நிற்கிறார், சிரிக்கிறார். நீ சொன்ன மாதிரி என் முகத்தைப் பார்க்க வந்து நிற்கிறார். நான் யாரு வரச் சொன்னா என்று கேட்கிறேன். அந்த நேரம் அவர் "நீதான" என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தால், உன் பொய் அங்கேயே உடைந்திருக்கும், அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போயிருப்பார். கேட்கவில்லை. தெரு முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். சாகிற நாள் வரைக்கும் கேட்கவில்லை. அன்று போனில் அவர் பேசியது மாதாவிடம் இல்லை, என்னிடம். நான் பதிலுக்கு அருள்நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன், நீ உட்கார்ந்து படி. மார்ச் மாதக் கடைசியில் ஒருநாள், ஜெர்லின் குளிக்கப் போயிருந்தபோது, அவள் போனை எடுத்து அவருக்கு எழுதினேன். "ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்" என்று. அனுப்பவில்லை. சீக்குக் காலம், வந்து எதையாவது இழுத்துக்கொள்வார் என்று அழித்துவிட்டேன். வைராக்கியத்தில் அழிக்கவில்லை இஞ்ஞாசி, பயத்தில் அழித்தேன். யாருக்கும் தெரியாது. நான் அழித்ததை நீ எடுத்துச் சொல்லியிருக்கிறாய். வெறும் பொய் என்றால் என்றைக்காவது உன்னை மன்னித்துவிடுவேன். இதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கூட்டத்தில் நின்று சொன்னதற்கு நீ எனக்குத் தம்பிதான். அந்த வார்த்தையை நான் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன். ஜெர்லின் கேட்ட கேள்விக்கு ஊர் பதில் சொல்லிவிட்டது.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் நீ கூப்பிடாதே. நேரம் வரும்போது நானே கூப்பிடுவேன், எப்போது என்று கேட்காதே. அதற்குள், அக்கா உன்னை வரச் சொல்கிறாள் என்று யார் வந்து சொன்னாலும், சாமியாரே வந்து சொன்னாலும், நம்பாதே. என் வாயால் கேட்டால் மட்டும் வா.

விக்டோரியா